மூன்றாவது குழாய்

ஜூலை 9

தம்பிக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். இந்த வீட்டில் யாரும் நலமாக இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இதுவரை பதினாலு முறை போன் செய்துவிட்டீர்கள். நான் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. உங்கள் அண்ணன் சாவை விசாரித்த துறை அலுவலகத்தில், அவரை அன்றைக்கு யார் பள்ளத்துக்குள் போகச் சொன்னது என்று கேட்டேன். "எழுத்துல எந்த உத்தரவும் இல்லம்மா. போன்ல யாரு என்ன சொன்னாங்கன்னு நாங்க எப்படிப் பாக்கிறது?" என்றார் அந்த அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அன்றிலிருந்து எனக்கு எதுவானாலும் எழுத்தில் வேண்டும். உங்களிடமிருந்தும்தான்.

நேற்று ஆணை வந்தது. அப்படியே எழுதுகிறேன், படியுங்கள். "பாதுகாக்கப்பட்ட புவியியல் தளத்தின் காவலர், மழைக்குப் பின் மண்சுவரின் அடியில் செல்லக்கூடாது என்ற விதியைத் தாமே மீறிச் சென்று சரிவில் சிக்கி இறந்தார். காரணம்: சொந்தக் கவனக்குறைவு."

அந்த விதியை எழுதியதே அவர்தான். மழை நின்று மூன்று நாள் ஆகாமல் சுவர்ப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சங்கிலி கட்டியவர். துறை இயக்குநரையே ஒருமுறை வாசலில் நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிய மனுஷன். பத்தொன்பது வருஷம் அந்தப் பள்ளத்தைக் காத்தவர், நாலு நாள் அடைமழைக்கு மறுநாள் காலையில் தானே சங்கிலியைத் தாண்டிப் போனார் என்றால் யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

அவர் போனைப் பார்த்தேன். ஜூன் 21, காலை ஏழு நாற்பது. உங்கள் பெயர். பதினோரு நிமிஷம். ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினார். இரண்டு மணிக்கு மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், தோளில் பையோடு.

இன்னொன்றும் மனதில் முள்ளாகக் கிடக்கிறது. துக்கத்துக்கு வந்தவர், அழுது முடிப்பதற்குள் "அண்ணி, அண்ணன் பை எங்க?" என்று கேட்டீர்கள். பையில் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணி, ஆபீஸ் சாமான்" என்றீர்கள். அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டீர்கள்.

அந்தப் பதினோரு நிமிஷம் என்ன பேசினீர்கள்? எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி

•

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்பதாவது படிக்கும்போது நம் வீட்டுக்கு வந்தீர்கள். வந்த மறுநாளே "டேய் ஆந்தை, காலர்ல இவ்வளவு அழுக்கா, கழட்டு" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்றதில்லை.

பையில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு குழாய் இருக்கும். முழங்கை நீளம், இரண்டு பக்கமும் மூடி. அண்ணி, தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார், ஆனாலும் சொல்கிறேன். பள்ளத்தின் வடக்குச் சுவரில் மேலே இருக்கும் சாம்பல் களிமண், பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து போட்டது. அதன் அடியில் வெள்ளை மணல். மணலுக்கு அடியில் இன்னொரு சாம்பல் களிமண். அதாவது பனி ஒருமுறை வந்து போய், நடுவில் ஆறு ஓடி மணல் சேர்ந்து, பிறகு பனி மறுபடியும் வந்திருக்கிறது. அது உண்மையென்றால் இரண்டு பனியுகமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஒரே இடம் அந்த வட்டாரத்திலேயே நம்முடையதுதான். இல்லையென்றால் செங்கல்லுக்கு மண் வெட்டிய பத்துக் குழிகளில் அதுவும் ஒன்று. நடுவில் இருக்கும் மணலின் வயது தெரிந்தால் முடிவு தெரிந்துவிடும்.

மணல் எப்போது புதைந்தது என்பதை மணலே வைத்திருக்கும். இருட்டில் கிடக்கக் கிடக்க அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கணக்கு ஏறும். வெளிச்சம் பட்டால் அத்தனையும் அழிந்துவிடும். ஒரு நிமிஷம் வெயில் பட்டால் போதும். அதனால்தான் குழாயைச் சுவரில் அடித்து, இரண்டு பக்கமும் மூடி, கறுப்பு டேப் சுற்றி, எங்கள் ஆய்வகத்தின் இருட்டறையில் சிவப்பு விளக்கில் மட்டும் திறப்போம்.

எந்தத் தளத்தைப் பாதுகாப்பது என்று முடிவுசெய்யும் துறைக் குழு ஆகஸ்ட் 30 அன்று கூடுகிறது. மணலின் வயதைக் காட்டாவிட்டால் பள்ளத்தைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்த மறுநாள் நகராட்சி அங்கே குப்பை கொட்டும். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கச் சரிந்து தண்ணீரில் கிடக்கிறது. இனி அங்கே யாரும் குழாய் அடிக்க முடியாது. உங்களிடம் இருப்பதுதான் கடைசி.

போனில் சாதாரணமாகத்தான் பேசினோம். மழை, பாப்பாவின் படிப்பு, அப்படித்தான். குழாயைக் கூரியரில் அனுப்புங்கள்.

உங்கள்,
தம்பி

•

ஜூலை 20

தம்பிக்கு,

நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் இரண்டே முக்கால் பக்கம் மணல். என் கேள்விக்கு ஒன்றரை வரி.

பதினோரு நிமிஷம் பாப்பாவின் படிப்பைப் பற்றிப் பேசினீர்களா? பாப்பா எந்த வகுப்பு என்று உங்களுக்குத் தெரியுமா? போன வருஷம் நாலாவது என்று நினைத்துப் புத்தகம் வாங்கி வந்தீர்கள். அவள் ஆறாவது.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு என் கையில் போகிறது. எது மருந்துக் கறை, எது ரத்தம், எதை யார் மறைக்கப் பார்த்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். உங்கள் கடிதம் அந்த மூன்றாவது வகை.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பாப்பாவிடம், "உங்கப்பா தப்பு பண்ணித்தான் செத்தாராமே, எங்கப்பா சொன்னாரு" என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் அப்பா துறையில் எழுத்தர். ஆணையை டைப் அடித்தவரே அவர்தான் போலிருக்கிறது. பாப்பா வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து அந்த ஆணையை எடுத்துத் தானே படித்திருக்கிறாள். படித்ததும் அதே மடிப்பில் மடித்து வைத்துவிட்டாள். மடிப்பு ஒரு விரல்கடை மாறியிருந்ததால் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளத்துக்குப் போனேன். பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. அவருடைய காவலறை பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே ஸ்டூலும், அவர் கீறல் விழுந்த கற்களை வரிசையாக அடுக்கி வைத்த பலகையும் தெரிகிறது. யார் வந்தாலும் ஒரு கல்லை எடுத்துக் கையில் கொடுத்து, "இந்தக் கீறல் பனி இழுத்தது. தடவிப் பாருங்க, ஒரே பக்கமா ஓடும்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கும் ஒன்று கொடுத்தார். மற்ற பெண்களுக்குக் கணவன் எதையெதையோ கொடுப்பான், எனக்குக் கல் என்று உங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வாசலில் சங்கிலி இன்னும் தொங்குகிறது. பூட்டு திறந்து, சாவி அதிலேயே இருந்தது. சரசரவென்று உள்ளே போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்று நினைப்பவன்தான் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவான்.

உங்கள் குழாய் என்னிடம் இருக்கிறது. பீரோவில், துணிகளுக்கு நடுவில். என்ன பேசினீர்கள் என்பதை எழுதுங்கள், கையெழுத்துப் போட்டு. மறுநாளே அனுப்புகிறேன். 'சொந்தக் கவனக்குறைவு' என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் எடுக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணனின் மனைவி

•

ஜூலை 29

அன்புள்ள அண்ணிக்கு,

நான் மறைக்கப் பார்த்தது உண்மைதான். உங்களுக்கு வருத்தம் அதிகமாகுமே என்றுதான்.

ஜூன் 21 காலையில் நான்தான் அண்ணனிடம் இன்னொரு குழாய் கேட்டேன். ஏற்கனவே மே மாதம் இரண்டு குழாய் அனுப்பியிருந்தார். எங்கள் ஆய்வகத் தலைவர் அது போதாது, உறுதிப்படுத்த மூன்றாவது ஒன்று வேண்டும் என்றார். அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன். மழை பெய்கிறது என்று அண்ணன் சொன்னார். முடிந்தால் பாருங்கள் என்றேன். அவ்வளவுதான். போயே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இதை ஆணையில் சேர்க்க முடியுமா என்று தெரியவில்லை. பெரிய மனிதர் பெயர் அடிபடும். அதனால் இப்போதைக்கு நமக்குள் இருக்கட்டும்.

பள்ளத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் அண்ணி. அடியில் இருக்கும் அந்த இரண்டாவது களிமண்ணைக் கண்டுபிடித்தது பேராசிரியர்கள் இல்லை. அண்ணன். மழைத் தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டியபோது மண்வெட்டி கல்லில் இடித்து, எடுத்துப் பார்த்தால் கீறல். எனக்கு அன்றைக்கே போன் செய்தார். "டேய் ஆந்தை, கீழயும் ஒரு பனி இருக்குடா" என்றார். பத்தாவது படித்த மனுஷன். அறிக்கைகளில் அவர் பெயர் கிடையாது, 'தளக் காவலர் அளித்த தகவல்' என்று ஒரு அடிக்குறிப்பு. மணலின் வயது வந்தால் அந்த அடிக்குறிப்பை மேலே கொண்டுவருவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். குப்பை விழுந்தால் எல்லாமே போய்விடும்.

குழாயை அனுப்பிவிடுங்கள். குழு கூட இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. மணலைச் சலித்து, கழுவி, இயந்திரத்தில் ஏற்றி முடிக்க மூன்று வாரமாவது வேண்டும்.

உங்கள்,
தம்பி

•

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

உங்கள் ஆய்வகத் தலைவருக்கு நான் கடிதம் எழுதினேன். பெரிய மனிதர்தான். உடனே பதில் போட்டார். துக்கம் விசாரித்திருக்கிறார். பிறகு இப்படி எழுதியிருக்கிறார்: "மூன்றாவது மாதிரி எதையும் நான் கேட்கவில்லை. மே மாதம் வந்த இரண்டு குழாய்களும் நல்ல நிலையில் உள்ளன என்றும், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றும் உங்கள் கொழுந்தனார் ஜூன் 3 அன்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்."

நல்ல நிலையில் இருக்கும் இரண்டு குழாயும் எங்கே? இருக்கிறது என்றால் என்னிடம் இருப்பதற்கு ஏன் இப்படி அலைகிறீர்கள்?

இதற்கு மேல் ஒரு பொய் எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

•

ஆகஸ்ட் 9

அண்ணி,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தாளையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எங்கள் இருட்டறைக்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரப்பெட்டி. கைக்கடிகாரம், போன், மினுங்குகிற எது இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறேன்.

ஜூன் 2 அன்று, போன் கோட்டுப் பையில் இருப்பதை மறந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு குழாயின் மணலையும் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும் என்பது முறை. அவசரம், இரண்டையும் சேர்த்தே பரப்பினேன். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் வெளிச்சத்தோடு 'அண்ணன்'.

அணைத்திருக்கலாம். வெளியே ஓடியிருக்கலாம். அவர் பெயரைப் பார்த்ததும் கை தானாக எடுத்துவிட்டது அண்ணி. எப்போதும் எடுப்பதுபோல எடுத்தேன். "குழாய் வந்து சேந்துச்சாடா, உடையாம இருக்கா?" என்றார். "வந்துடுச்சுண்ணே, பிரமாதமா இருக்கு" என்றேன். அவர் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனார். எனக்குக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் கிடையாது, எதிரே பிடித்துக்கொண்டு பேசுவேன், உங்களுக்குத் தெரியும். நாலு நிமிஷம். தட்டுகளுக்கு மேலே அந்த வெளிச்சம். பேசி முடித்துவிட்டுக் குனிந்தபோது மணல் வெள்ளையாகத் தெரிந்தது. சிவப்பு விளக்கில் மணல் ஒருபோதும் வெள்ளையாகத் தெரியாது. அப்போதுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

அளந்து பார்த்தேன். ஒவ்வொரு மணல்மணிக்கும் ஒவ்வொரு வயது வந்தது. குப்பையில் போட வேண்டிய எண்கள். மறுநாள் பதிவேட்டில் 'நல்ல நிலை' என்று எழுதினேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தப்பு இல்லை, அதை இழக்க மனம் வரவில்லை. இன்னொரு குழாய் கிடைத்தால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மழைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அண்ணனிடம் கேட்க வெட்கப்பட்டு, இன்றைக்கு, நாளைக்கு என்று பதினெட்டு நாள் தள்ளினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அந்தப் பதினோரு நிமிஷம் என்ன பேசினோம் என்று கேட்டீர்கள். தலைவர் இன்னொரு குழாய் கேட்கிறார் என்று பொய் சொன்னேன். "மழை நின்னு மூணு நாள் ஆகட்டும்டா, நானே தரேன்" என்றார். தண்ணீர் ஏறினால் மணல் முழுகிவிடும், பிறகு எப்போதுமே கிடைக்காது என்றேன். "சுவர் நனைஞ்சு தொங்குது" என்றார். நான் சொன்னேன், "ஒரே ஒரு குழாய்ண்ணே. பத்து நிமிஷ வேலை. இல்லேன்னா உங்க பள்ளம் போயிடும்". உங்க பள்ளம் என்று சொன்னேன். என்ன சொன்னால் அவர் போவார் என்று எனக்குத் தெரியும். பிறகு "சரிடா, பாக்கிறேன்" என்றார்.

போகச் சொன்னது நான்தான். அண்ணனைக் கொன்றதும் நான்தான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள்.

குழாயை மட்டும் அனுப்பிவிடுங்கள். எனக்காக இல்லை. அவர் உயிரைக் கொடுத்து எடுத்தது வீணாகப் போகக்கூடாது.

தம்பி
(முழுக் கையெழுத்து அடுத்த பக்கத்தில்)

•

ஆகஸ்ட் 14

தம்பி,

கடிதம் வந்தது. சலவைக்கூடத்தில் உடை மாற்றும் அறையில் நின்று படித்தேன். படித்துவிட்டு நீராவி இயந்திரத்துக்குப் போய் விரிப்பு தேய்த்தேன். என்ன செய்வது என்று தெரியாததால் நாற்பது விரிப்பு தேய்த்தேன். மேற்பார்வைக்காரி வந்து, "இன்னைக்கு ஏன் இவ்வளவு வேகம்?" என்றாள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று ஒன்றரை மாதமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அதில் பாதியை எனக்கே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குழாயைத் திறந்துவிட்டேன்.

இப்போது இல்லை. ஜூன் 24, அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள். நீ பையைக் கேட்காமல் இருந்திருந்தால் அது ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்திருக்கும். துக்க வீட்டில் ஒருத்தன் பையைக் கேட்கிறான், என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறான். உள்ளே என்னவோ இருக்கிறது என்று தோன்றாதா? யாருக்காவது கடிதமோ, வேறு ஏதாவது ரகசியமோ என்றுகூட நினைத்தேன். செத்தவர் மேல் அப்படி நினைத்ததற்கு இப்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். டேப்பை உரித்து, ஜன்னலோரம் தட்டில் கொட்டினேன். நல்ல வெயில். வெறும் மணல். ஈரமாக இருந்தது. கையால் பரப்பிப் பரப்பித் தேடினேன். பாப்பாவும் பக்கத்தில் நின்று ஒரு விரலால் கோடு போட்டாள். ஒன்றும் இல்லை என்றதும் இதற்காகவா போனார் என்று மணலைக் கையால் குவித்தேன். மறுபடி குழாயில் போட்டு மருத்துவமனைப் பிளாஸ்திரியால் மூடி, பழைய டேப்பை மேலே சுற்றி வைத்தேன்.

ஜூலையில் நீ திறக்காதே என்று எழுதியபோது குழாயைப் பீரோவில் துணிகளுக்கு நடுவில் தள்ளி வைத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உண்மையை எழுதமாட்டாய் என்று தோன்றியது. செத்த சாமானை வைத்துக்கொண்டு உன்னிடம் பேரம் பேசினேன். நீ ஒன்றை மறைத்தாய், நான் ஒன்றை மறைத்தேன். நடுவில் போனவர் அவர் ஒருவர்தான், வெயிலில் நின்று மறைக்காமல் வேலை செய்தவர்.

இத்துடன் குழாயை அனுப்பியிருக்கிறேன். இனி நான் சொல்வதைக் கேள். அந்த இயந்திரத்தில் உட்காருகிறவன் நீ. எண்ணை எழுதுகிறவன் நீ. உனக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் இது திறந்தது தெரியாது. அவர் என்ன வயது வரும் என்று எதிர்பார்த்தாரோ அந்த வயதை எழுது. ஏற்கனவே ஒரு பொய் எழுதினாய். அந்தப் பள்ளத்துக்காக இன்னொன்று எழுது. உன்னிடம் கேட்கக்கூடாததைத்தான் கேட்கிறேன், தெரிந்தே கேட்கிறேன்.

உன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை இன்னும் எங்கும் கொடுக்கவில்லை. பீரோவில் குழாய் இருந்த இடத்தில் இருக்கிறது.

அண்ணி

•

ஆகஸ்ட் 28

அண்ணி,

குழாய் வந்தது. உங்கள் பிளாஸ்திரியைச் சிவப்பு விளக்கில்தான் பிரித்தேன். பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் போனை மரப்பெட்டியில் போட்டுவிட்டு, முறைப்படி இரண்டு கதவையும் சாத்திவிட்டுத்தான் பிரித்தேன். சலித்தேன், கழுவினேன், தட்டுகளில் ஒட்டி இயந்திரத்தில் வைத்தேன். எட்டு நாள் இரவு பகலாக, மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு. எங்காவது நடுவில், வெயில் படாத நாலு மணல்மணியாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை.

எல்லாத் தட்டும் ஒரே பதிலைச் சொன்னது. பூஜ்யம். நீங்கள் நன்றாகப் பரப்பியிருக்கிறீர்கள் அண்ணி. குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களே அவ்வளவு சீராகப் பரப்பமாட்டார்கள்.

வயது என்ற கட்டம் படிவத்தின் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்னதுபோல் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் எதிர்பார்த்த எண் எனக்குத் தெரியும். ஒரு லட்சத்து இருபதாயிரம் வருஷம். முதல் இலக்கத்தை எழுதியும்விட்டேன். பிறகு, அதைப் பெரிய எழுத்தில் பள்ளத்துப் பலகையில் எழுதுவார்கள், பாப்பா போய் நின்று படிப்பாள், நானும் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. ஒன்றை மறைத்து ஒரு ஆளைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றை மறைக்க என்னிடம் ஆள் இல்லை.

நான் நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். பொய் சொன்னால் நல்லது நடந்திருக்கும் ஒரே இடத்தில் எனக்குப் பொய் வரவில்லை. அண்ணன் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது கிண்டல் செய்திருப்பார்.

பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். கீழே காரணத்தையும் எழுதினேன். மூன்றாவது குழாய் தவறுதலாக வெளிச்சம் பட்டது என்று மட்டும் எழுதினேன், உங்கள் பெயர் அதில் இல்லை. முதல் இரண்டு குழாய்க்கு என் பெயரைப் போட்டேன். அன்று காலை பேசியது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் தனியாக எழுதித் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீங்கள் அலைய வேண்டாம். தலைவர் படித்துவிட்டு இருட்டறைச் சாவியை மேஜையில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.

நாளை மறுநாள் குழு கூடுகிறது. எனக்கு அழைப்பு இல்லை.

ஆந்தை

•

அக்டோபர் 3

தம்பி,

நீ கடைசியாக எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேறு வேலை கிடைத்ததா, எங்கே தங்கியிருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எதுவும் தெரியாது. கேட்கவும் எனக்கு இன்னும் மனம் முழுதாக வரவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

பள்ளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன திங்கள்கிழமை பலகையைப் பிடுங்கினார்கள். காவலறையைக் காலிசெய்தபோது அவர் ஸ்டூலையும் கற்களையும் நான் போய் வாங்கிக்கொண்டேன். கற்கள் பதினேழு. லாரிக்காரன், "இது என்னத்துக்கும்மா, வெறும் கல்லுதானே?" என்றான். தடவிப் பார் என்று ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வியாழக்கிழமையிலிருந்து குப்பை கொட்டுகிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சலவைக்கூடம் வரைக்கும் நாறுகிறது. எங்கள் மருத்துவமனைக் குப்பையும் அங்கேதான் போகிறது. வடக்குச் சுவரில் மேல் களிமண் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு இன்னும் தெரிகிறது. தீயாக வேலை செய்கிறார்கள், மாதக் கடைசிக்குள் அதுவும் மூடிவிடும்.

நேற்று புது ஆணை வந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதையும் அப்படியே எழுதுகிறேன். "முந்தைய ஆணையில் 'சொந்தக் கவனக்குறைவு' என்ற சொற்கள் நீக்கப்பட்டு, 'ஆய்வகப் பணியாளரான தம் சகோதரரின் தவறான வாய்மொழிக் கோரிக்கையின் பேரில்' என்ற சொற்கள் சேர்க்கப்படுகின்றன." கீழே முத்திரை, கையெழுத்து. எல்லாம் எழுத்தில்.

இதற்காகத்தானே மூன்று மாதம் அலைந்தேன். சந்தோஷம் வரும் என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. சரி, பாப்பாவுக்காகத்தான் என்று, அவள் பள்ளியிலிருந்து வந்ததும் கையில் கொடுத்தேன். இனிமேல் யாராவது கேட்டால் இதைக் காட்டு, அப்பா மேல் தப்பு இல்லை என்று சொல் என்றேன்.

நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நீ வாங்கிக் கொடுத்த நாலாம் வகுப்புப் புத்தகத்தை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், உனக்குச் சொல்லவில்லையே. படித்து முடித்த வகுப்புதான் என்றாலும் சித்தப்பா கொடுத்தது என்று அட்டை போட்டு வைத்திருக்கிறாள். தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ சித்தப்பா கேட்டதாலதான் அப்பா போனாரா?"

கையிலிருந்த தாளை மடித்தேன், பிரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சித்தப்பாவையே கேக்கிறேன், போன் போட்டுக் குடும்மா" என்றாள்.

போடவில்லை. அவளுக்கு நீயே எழுது. மணலைப் பற்றி இரண்டே முக்கால் பக்கம் எழுதாதே. அவளுக்குப் பதினோரு வயது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது, எல்லாம் புரியும். கடிதத்தை நான் பிரிக்கமாட்டேன், அவள் பெயருக்கே அனுப்பு. நான் திறந்ததையும் அதில் எழுது. அவளும் அன்றைக்கு விரலால் கோடு போட்டாளே, அதை மட்டும் எழுதாதே.

விலாசம் அதேதான்.

அண்ணி